ரோடு டாக்ஸ் கட்டுவது யார்?

தமிழ்நாட்டில் சொந்தக் கார் வைத்திருப்போர் அனைவருக்கும்,



சிக்னலில் பச்சை விழும். முன்னால் நிற்கும் சைக்கிள்காரர் பெடலை இரண்டு மிதி மிதித்து நகர்வதற்குள் பின்னாலிருந்து ஹாரன் கிளம்பிவிடும். சில நேரம் கண்ணாடியும் இறங்கும், கூடவே ஒரு வசனம் வரும்: “ரோடு டாக்ஸ் கட்டுறது நாங்க, ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறது நீயா?” இதே வசனத்தின் நாசூக்கான வடிவம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது. நகரில் எங்காவது சைக்கிள் பாதை என்று பேச்செடுத்தால் போதும், “வரி கட்டாதவங்களுக்கு எதுக்குத் தனிப் பாதை?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சொல்பவர் எவரும் கெட்டவர் இல்லை. கையில் ரசீது வைத்திருக்கும் தைரியத்தில் பேசுகிறார், அவ்வளவுதான். அந்த ரசீதைக் கொஞ்சம் விரித்துப் படிக்கலாமே என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு, ரோடு டாக்ஸ் என்று நாம் சொல்லும் கார்களுக்கான ஆயுட்கால வரியை உயர்த்தியது. 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20 சதவீதம். அதற்கு முன் 10 லட்சம் வரை 10 சதவீதமும் அதற்கு மேல் 15 சதவீதமும்தான் இருந்தது. இப்போது 12 லட்ச ரூபாய்க் காரை வாங்குகிறவர் 2,16,000 ரூபாயை ஒரே மூச்சில் கட்டுகிறார். ஷோரூமில் சொல்லும் ‘ஆன் ரோடு’ விலைக்குள் அது ஒளிந்திருப்பதால் பலருக்கு உடனே உறைப்பதில்லை. வங்கிக் கடனின் மாதத் தவணையில் மெல்ல உறைக்கும். இதற்குப் பிறகும் வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ முதல் மழைக்கே பள்ளமாகிப்போன தெருவில் வண்டியின் அடிப்பாகம் இடித்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் யாரும் குற்றம் காண முடியாது. சைக்கிள்காரர் மீது அது திரும்பும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

நீங்கள் கட்டிய 2,16,000 ரூபாய் எங்கே போகிறது? சாலை போடும் உண்டியல் எதற்குள்ளும் போவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆவது பிரிவின்படி மாநில அரசின் வருவாய் முழுவதும் தொகுப்பு நிதி என்ற ஒரே கஜானாவில் சேர்கிறது. பத்திரப் பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, மதுபான வரி எல்லாம் கலந்த அந்தக் கஜானாவிலிருந்துதான் ஆசிரியர் சம்பளம், முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை, தார், ஜல்லி எல்லாவற்றுக்கும் பணம் எடுக்கப்படுகிறது. உங்கள் ரூபாய் ஒருவேளை ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மின்கட்டணமாக மாறியிருக்கலாம். அது சாலைக்கே போயிற்று என்று யாராலும் காட்ட முடியாது.

2024-25 பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகன வரியாக 11,560 கோடி ரூபாய் வரும் என்று அரசு மதிப்பிட்டது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயாக மொத்தம் 1,95,173 கோடி ரூபாயை எதிர்பார்த்தது. ஆக, வாகன வரியின் பங்கு நூற்றுக்கு ஆறு. அதே பட்ஜெட்டில் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. கார், பைக், லாரி, பஸ் எல்லாம் சேர்ந்து கட்டும் வாகன வரியை ஒரு பைசா விடாமல் அப்படியே சாலையில் கொட்டினாலும் அந்த ஒரு துறையின் தேவையில் 57 சதவீதம்தான் நிறையும். மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்துச் சாலைகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

“பெட்ரோலை மறந்துட்டீங்களே” என்று நீங்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவீர்கள். மறக்கவில்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் கலால் 19 ரூபாய் 90 காசாக இருந்தது. தமிழ்நாட்டின் வாட் வரி 13 சதவீதமும், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். சென்னையில் நூறு ரூபாயைத் தாண்டி விற்ற லிட்டரில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் வரியாகப் போனது. இதில் சாலையின் பெயரைத் தாங்கிய ‘சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி’ வெறும் 5 ரூபாய். அந்த மேல்வரி சேரும் நிதியும் 2018-இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சாலைக்கு மட்டுமானதாக இல்லை. ரயில்வே உள்ளிட்ட வேறு கட்டமைப்புகளுக்கும் அதிலிருந்து பணம் போகலாம்.

ஆனாலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வாகன வரியோடு எரிபொருள் மீதான வாட் வரியையும் கூட்டினால், நெடுஞ்சாலைத் துறைக்கு ஒதுக்கும் தொகையைத் தாண்டிவிடும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-இல் தொடங்கியபோது டீசல் மேல்வரியில் பாதி கிராமச் சாலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையக் கட்டுகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அதிகம் கட்டியவருக்கு அதிக உரிமை என்று அதிலிருந்து தாவுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

அந்தத் தாவலை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் பாருங்கள். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். வாகன வரியைப் போல நான்கு மடங்கு. கட்டியவருக்கே சாலை சொந்தம் என்றால், மாலை ஆறு மணிக்கு டாஸ்மாக் வாசலில் நிற்பவர் அண்ணா சாலையின் நடுவில் பாய் விரித்துப் படுக்கலாம். நீங்கள்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், ரோடு டாக்ஸ் வசனத்தைக் கேட்டு மட்டும் சிரிக்காதது ஏனோ.

மின்சாரக் கார்கள் இன்னொரு சோதனை. அவற்றுக்குத் தமிழ்நாடு 2023 தொடக்கத்திலிருந்து 2025 இறுதி வரை முழு வரிவிலக்கு அறிவித்தது. அந்தக் காலத்தில் அரைக் கோடி ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்கியவர் ஆயுட்கால வரியாக ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. பெட்ரோல் வரியும் அவருக்குக் கிடையாது. பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்து “வரி கட்டாதவன் ஓரம் போ” என்று எவரும் ஹாரன் அடித்ததாகத் தெரியவில்லை. ஆக, கோபம் வரியைப் பற்றியதுதானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாலைக்கென்று தனி உண்டியல் வைத்தால் இப்படியொரு உரிமைப் பேச்சு வரும் என்று நூறாண்டுக்கு முன்பே கணித்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். பிரிட்டனில் 1909-இல் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட் வாகன ஓட்டிகளின் வரியைச் சாலைக்கென்றே ஒதுக்கியது. 1920-இல் அது முறையான சாலை நிதியாக மாறியது. நிதியமைச்சராக வந்த சர்ச்சில், இப்படியே விட்டால் சில ஆண்டுகளில் வாகன ஓட்டிகள் சாலையே தங்களுடையது என்பார்கள் என்று எச்சரித்து, 1926-இல் அந்த நிதியின் உபரியைப் பொதுக் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டார். வாகன வரிக்கும் சாலைச் செலவுக்கும் இருந்த நேரடித் தொடர்பு 1937-இல் அறுந்தது. ஆனால் சைக்கிள்காரரைப் பார்த்து ரோடு டாக்ஸ் கட்டினாயா என்று கேட்கும் வழக்கம் அங்கே இன்னும் அறுந்தபாடில்லை. அந்த நாட்டில் நல்ல சாலை வேண்டும் என்று முதலில் அமைப்பு வைத்துப் போராடியவர்களே சைக்கிள் சங்கத்தார்தான் என்பது கூடுதல் வேடிக்கை. அவர்கள் சாலை மேம்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய 1886-இல் பிரிட்டிஷ் சாலைகளில் மோட்டார் காரே கிடையாது.

சரி, நம் ஊர் சைக்கிள் எந்தச் சாலையில் போகிறது? பரனூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பீப் ஒலிக்க நீங்கள் கடக்கும் தேசிய நெடுஞ்சாலையிலா? அங்கே சைக்கிள் அபூர்வம். அந்தச் சாலைக்குக் கார்க்காரர்கள் சுங்கம் கட்டுகிறீர்கள், உண்மை. சைக்கிளின் நடமாட்டமெல்லாம் வீட்டுக்கும் கடைக்கும், பள்ளிக்கும் பட்டறைக்கும், ரயில் நிலையத்துக்கும் கம்பெனி வாசலுக்கும் இடையிலான மூன்று நான்கு கிலோமீட்டருக்குள். அதாவது தெருக்களிலும் உள்ளாட்சிச் சாலைகளிலும்.

இந்தச் சாலைகளுக்குப் பணம் கொடுப்பது யார்? சென்னையில் மாநகராட்சியின் பேருந்துத் தட சாலைகள் 387 கிலோமீட்டர். உட்புறச் சாலைகளோ 5,000 கிலோமீட்டருக்கும் மேல். இவற்றைப் போடுவதும் ஒட்டுப்போடுவதும் பெருமளவு சொத்து வரியிலிருந்தும், மாநில, மத்திய அரசுகள் பொது வருவாயிலிருந்து தரும் மானியங்களிலிருந்தும், கடனிலிருந்தும்தான். சொத்து வரிக்கு உங்களிடம் கார் இருக்கிறதா என்ற கவலை இல்லை. கூரை இருந்தால் போதும். 2022-இல் வரியை உயர்த்தியபோது சென்னையில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கும் பகுதியைப் பொறுத்து 25, 50 சதவீதம் என ஏறியது. வாடகை வீட்டுக்காரர் இந்த வரியிலிருந்து தப்பிவிட்டார் என்று நினைத்தால், வீட்டு உரிமையாளர்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களைச் சுற்றிவருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் ஒடிசா இளைஞரை. 299 ரூபாய்க்குச் செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 45 ரூபாய் ஜி.எஸ்.டி.; அதில் பாதி மாநிலத்துக்கு. கோயம்பேட்டுக்கு லாரியில் வந்து இறங்கும் வெங்காயத்தின் விலையில் டீசல் வரியும் சுங்கக் கட்டணமும் கரைந்திருக்கின்றன. அவர் வாங்கிய சைக்கிளுக்கே 2025 செப்டம்பர் வரை 12 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது; இப்போது 5. அவர் வருமானத்தில் வரியாகக் கரையும் பங்கு உங்களுடையதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். ரசீதுதான் அவரிடம் இல்லை.

இவர்கள் சிறுபான்மை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது. கார், ஜீப், வேன் வைத்திருந்தவை 4.7 சதவீதம். அதற்குப் பிறகு பைக்குகளும் கார்களும் பெருகிவிட்டன என்பது கண்கூடு. ஆனால் தமிழ்நாட்டுச் சாலையில் சைக்கிளை ஏற்றிவிட்டதில் அரசுக்கே பெரும் பங்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். 2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. பொதுப் பணத்தில் சைக்கிள் வாங்கிக்கொடுத்து “ஓட்டிப் படிக்கப் போ” என்று அனுப்பிய பிள்ளையிடம், சாலை உனக்கில்லை என்று ஹாரன் அடித்தால் அது அந்தத் திட்டத்தையே கேலி செய்வதாகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் தலைக்கவசமும் இறுக்கமான உடையுமாக லட்ச ரூபாய் சைக்கிளில் பறப்பவர்கள் வேறு ரகம். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் காரும் நிற்கும், வரியும் கட்டியிருப்பார்கள். அவர்களுக்காக இந்த மடல் அதிகம் வருந்தப்போவதில்லை. அவர்களுக்காகப் பேச ஆளிருக்கிறது.

இனி தேய்மானக் கணக்கு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளை ஓயாமல் ஓடவிட்டார்கள். எந்த எடைக்குச் சாலை எவ்வளவு சேதமாகிறது என்று அளந்தார்கள். அச்சின் மீது இறங்கும் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சேதம் கூடுகிறது என்பது அதிலிருந்து பிறந்த விதி. எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. ஆளோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ள சைக்கிளில் ஒரு சக்கரத்துக்கு 45 கிலோ. 1,440 கிலோ காரில் ஓர் அச்சுக்கு 720 கிலோ, பதினாறு மடங்கு. நான்காம் அடுக்கு போட்டால் 65,536. இவ்வளவு சிறிய எடைகளுக்கு அந்த விதி துல்லியமாகப் பொருந்தாது என்று பொறியாளர்கள் சொல்வார்கள், சரிதான். ஆயிரத்தில் ஒரு பங்காக்கினாலும் சைக்கிளின் பங்கு தூசுதான்.

இதே கணக்கு உங்களுக்கு மேலேயும் ஏறுகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் நான்கு டயர் ஒற்றை அச்சு சுமக்கலாம் என்ற எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்வைக்குச் சிறு உயர்வு. நான்காம் அடுக்கில் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்த 11.5 டன் உங்கள் காரின் அச்சு எடையைப் போல மீண்டும் பதினாறு மடங்கு. சாலையைத் தேய்க்கிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும் என்றால் லாரிக்காரர்கள் திவாலாகிவிடுவார்கள். அதிகம் கட்டுகிறவருக்கே வழி என்றால் மணல் லாரிக்கு நீங்கள் ஓரம்கட்டி நிற்க வேண்டும். இரண்டையும் யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

“அப்படியானால் சைக்கிளுக்கும் ஒரு சின்ன வரி போட்டுடுங்களேன்” என்பது அடுத்த யோசனை. போடலாம். மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம், இயந்திரத்தால் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் சாலையில் ஓடும் வாகனத்துக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. போட்டும் இருந்தார்கள். சைக்கிளுக்கு ஆண்டுதோறும் வில்லை வாங்கி மாட்டிய காலம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். வில்லை இல்லாமல் மாட்டிக்கொண்டால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவதும் உண்டு என்பார்கள். அந்த வில்லை இப்போது பரணில்கூடக் கிடைப்பதில்லை.

நெதர்லாந்தின் கதை இதைவிடச் சுவையானது. இன்று சைக்கிள் சொர்க்கம் என்று பெயரெடுத்த அந்த நாடு 1924 முதல் 1941 வரை சைக்கிளுக்கு வரி வாங்கியது. கட்டியவர்கள் செம்புத் தகடு ஒன்றைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்ட முடியாத ஏழைகளுக்கும் வேலையற்றோருக்கும் தகடு இலவசம். ஆனால் அதில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், ஊருக்கே அவர் நிலை தெரியும்படி. அப்படித் திரட்டிய பணம் 1920-களின் பிற்பாதியிலிருந்து சாலை நிதிக்குப் போனது. அந்த நிதியில் எழுந்தவற்றில் பெரும்பகுதி மோட்டார் வாகனங்களுக்கான சாலைகள். காருக்குச் சாலை போடச் சைக்கிள்காரர்கள் கட்டிய காலம் அது.

நகரத்தில் சாலை என்பது ஓடுவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. நிற்கிற காருக்கு இந்திய சாலைகள் பேராயத்தின் அளவுப்படி இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும்; பன்னிரண்டரை சதுர மீட்டர், அதாவது 135 சதுர அடி. தி.நகரிலோ அண்ணா நகரிலோ அவ்வளவு இடத்தை ஒருவர் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலான உள்தெருக்களில் அதே இடம் இரவு பகலாகக் காருக்குச் சும்மா கிடைக்கிறது. நின்ற கார்களைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் நடுச்சாலைக்கு வரும்போதும் அதே ஹாரன்தான் எழுகிறது.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கில்லாமல் இருட்டில் வருகிறவர்கள், எதிர்த் திசையில் ஏறி வருகிறவர்கள், சிக்னலை மதிக்காதவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்து அபராதம் போடட்டும். அது போக்குவரத்து விதியைப் பற்றிய வழக்கு. வரியை அங்கே சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

உங்களிடம் இந்த மடலுக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பச்சை விழுந்ததும் மூன்று விநாடி பொறுங்கள், சைக்கிள் கிளம்பிவிடும். இரண்டாவது கொஞ்சம் வேலை வைப்பது. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்கிறது அது. நடைபாதையும் சைக்கிள் பாதையும் சரியாக அமைந்தால் உங்கள் முன்னால் தடுமாறும் சைக்கிள்கள் தாமாகவே ஓரத்துக்குப் போய்விடும். அந்த வகையில் இது உங்களுக்கும் ஆதாயம்தான். ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினம். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போய், தெருப் பள்ளத்தைப் பற்றிக் கேட்கும்போதே, அந்த 60 சதவீதத்தில் எவ்வளவு செலவானது என்றும் கவுன்சிலரிடம் கேளுங்கள்.